அன்செல்மின் ஒரே தொப்பி

உங்கள் காவலர்கள் நல்ல பிள்ளைகள், ஐயா. வீட்டைச் சோதனை போட வந்தபோது வாசலிலேயே காலணியைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். துணிப் பெட்டியைக் கிளறியவருக்கு மட்டும் போர்வையை மடிப்புக் கலையாமல் எடுக்கத் தெரியவில்லை. அவர் வீட்டில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது. அதைத் தவிர எனக்கு யார்மேலும் வருத்தம் இல்லை.

ஆமாம், மேசைமேல் நீங்கள் வரிசையாக வைத்திருக்கிற ஐந்து பெரே தொப்பிகளும் நான் செய்தவைதான். என் கணவர் அன்செல்ம் எப்படி இறந்தார் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் தொப்பியிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும். நீங்கள் பாரிஸ்காரர். தொப்பியைக் கழற்றிக் கழற்றி மாட்டுகிறவர். எங்கள் பெயார்ன் பக்கத்தில் ஆண்பிள்ளை தொப்பியைக் கழற்றுவது இரண்டே இடத்தில், ஒன்று தேவாலயம், மற்றது படுக்கை. மற்ற நேரமெல்லாம் தலையும் தொப்பியும் ஒன்றுதான்.

தொப்பி ஆலைக்குப் பின்னிக் கொடுப்பது என் தொழில். சமையலறை ஜன்னலோரம் என் பின்னல் இயந்திரம் இருக்கிறது. ஊசிகள் வரிசையாக நிற்கும். கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு வரிசை. ஒரு பக்கத்து ஊசிகளை ஒவ்வொன்றாக நிறுத்திவைத்து மறுபக்கத்தை மட்டும் பின்னிக்கொண்டு போனால், துணி பாலாடைக்கட்டித் துண்டுபோல் ஒரு பக்கம் அகன்று ஒரு பக்கம் குறுகி வளையும். அப்படிப் பல துண்டுகள் சேர்ந்தால் வட்டம். வட்டத்தின் நடுவே ஒரு சின்னக் காம்பு. பின்னி முடித்ததும் அது தொப்பியே இல்லை, மாவு சலிக்கும் சல்லடை அகலத்துக்கு ஒரு தொளதொளப் பை. வெந்நீரும் சோப்பும் விட்டு மரச் சுத்தியால் அடி அடியென்று அடித்தால் பாதியாகச் சுருங்கி, தையலே தெரியாத தடித்த கம்பளியாகிவிடும். அப்படி நன்றாக அடிபட்ட கம்பளி அதன்பிறகு எந்த மழைக்கும் சுருங்காது. இதை எங்கள் ஊரில் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். எழுத்தரை இதை விடாமல் எழுதச் சொல்லுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அன்செல்முக்கு இடது காதுக்குப் பின்னால் ஒரு புடைப்பு. சின்ன வயதில் கோவேறு கழுதை உதைத்தது. ஆலையில் செய்கிற எந்தத் தொப்பியும் அவருக்கு உட்காராது. எப்போதும் வலப்பக்கம் சரிந்து, குடித்தவர் மாதிரி தெரிவார். கல்யாணமான புதிதில் அவர் தலையை என் கையாலேயே தடவித் தடவி அளவெடுத்து, அந்தப் பக்கத்துக்கு மட்டும் சில வரிசை கூட்டிப் பின்னினேன். ஆலையில் ஈரத் தொப்பியை மர அச்சில் மாட்டி வடிவம் கொடுக்கிறவர் கிரஸியான், அன்செல்மின் பள்ளித் தோழர். அவர்தான் அதற்கென்று தனி அச்சே செதுக்கினார். முடித்து அன்செல்மின் தலையில் வைத்தபோது கிரஸியான் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"லியோந்தின், இது தொப்பி இல்ல. இவன் மண்டைக்கு நீ இன்னொரு தோலு போட்டுட்ட."

என்னை யாரும் அதற்குமுன் அப்படிப் பாராட்டியதில்லை. அதற்குப்பின்னும் இல்லை.

என் கணவர் இடையர். கோடை தொடங்கியதும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மேல்மலைப் புல்வெளிக்குப் போவார், குளிர் தொடங்கும்போதுதான் இறங்குவார். எல்லா இடையர் மனைவியும் பொறுத்துக்கொள்வதுதான். நானும் பொறுத்துக்கொண்டேன். போன கோடை முடிந்து இறங்கி வந்தவருடைய காலுறைகளைத் துவைக்க எடுத்தேன். வலது குதிகாலில் ஓட்டை அடைபட்டிருந்தது. சாதாரண அடைப்பு இல்லை, ஐயா. ஓர் இழை மேலே, ஓர் இழை கீழே, பாய் முடைந்த மாதிரி அவ்வளவு நெருக்கம், அவ்வளவு சீர். அது என் கை இல்லை.

"மேல சாப்பாட்டுக்கு என்ன பண்ணுறீங்க?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"பாதி வழியில ரோஸாலி சத்திரம் இருக்கே. அவ வைக்கிற முட்டைக்கோஸ் சூப்பு இருக்கே, அடடா" என்றார்.

அவ்வளவுதான் கேட்டேன். துருவித் துருவிக் கேட்பது என் வழக்கமில்லை. காலுறையை மட்டும் துவைத்து, காயவைத்து, தனியாக எடுத்து வைத்தேன்.

அவர் வீட்டில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கட்டிய மனைவி அந்த ஆசை படக்கூடாது என்றால் பிறகு யார் படுவது? சண்டை போட்டு நிறுத்தலாம், அழுது நிறுத்தலாம். இரண்டும் எனக்கு வராது. எனக்குத் தெரிந்தது பின்னல்.

அந்த இலையுதிர் காலத்தில் அன்செல்மின் தொப்பியை இன்னொரு முறை செய்தேன். அளவில் ஒரு மயிரிழை குறைத்து. புதிதாகச் செய்வது யாருக்கும் வரும், ஐயா. பழையதாகச் செய்வதுதான் கஷ்டம். முன்விளிம்பில் சுருட்டு நெருப்பு பட்ட ஓட்டை, வெயிலில் வெளுத்த இடப்பக்கம், உள்ளே தோல் பட்டையில் ஊறிய வியர்வைக் கறை, அவர் பெயரின் முதலெழுத்துகள், ஆட்டு வாடை, எல்லாம் அப்படியே வரவேண்டும். பன்றிக் கொழுப்பும் அடுப்புக்கரியும் கலந்து தோலைக் கறுக்க வைத்தேன். ஆலைக்குக் கொண்டுபோனால் கிரஸியான் கண்ணில் படும். அதனால் வீட்டு அண்டாவிலேயே வெந்நீர் வைத்து, துணி துவைக்கிற கட்டையால் அடித்துச் சுருக்கினேன். அச்சுக்குத் தோட்டத்துப் பூசணிக்காய். எங்கள் தோட்டத்தில் அந்த வருடம் எல்லா அளவிலும் தலை காய்த்திருந்தது. காதுக்குப் பின்னால் வரும் புடைப்புக்கு ஓர் அவித்த முட்டையைப் பாதியாக வெட்டி ஒட்டினேன்.

மதியம் அவர் கண்ணயர்ந்தபோது கதவு ஆணியில் இருந்ததை எடுத்துவிட்டு இதை மாட்டினேன். எழுந்து வந்து தலையில் வைத்தார். நெற்றியைச் சொறிந்தார். அத்துடன் அன்றைய கதை முடிந்தது.

அந்த வருடம்தான் அவரை இடையர் சங்கத்துக்குத் தலைவராக்கியிருந்தார்கள். மதுக்கடையில் அவர் அடிக்கடி தொப்பியைத் தூக்கி நெற்றியைத் தேய்ப்பதைப் பார்த்து கிரஸியான் எல்லோர் முன்னாலும் கேலி செய்தாராம். "பாருங்கடா, தலைவரானதும் நம்மாளுக்குத் தலை பெருத்துப்போச்சு. அடுத்த வருஷம் வாசக்கதவை இடிச்சுக் கட்டணும்." எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அவரும் சிரித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து சிரிக்கவில்லை.

"லியோந்தின், இது மழையில சுருங்கியிருக்குமோ?"

"நல்லா அடிச்ச கம்பளி சுருங்குமா? நீங்களே சொல்லுங்க."

"சுருங்காதுதான்."

"அப்புறம் என்ன?"

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இதுவரைக்கும் யாரிடமும் ஒரு பொய் சொன்னதில்லை.

இரண்டாவது நகல், கிறிஸ்துமஸ் கழிந்து. மூன்றாவது, பனி உருகத் தொடங்கியபோது. அதற்குள் தொப்பி காதுமடலைத் தொடாமல் மேலேயே நின்றது. நெற்றியில் சிவப்பாகத் தடம் விழுந்தது. அவரே டாக்டர் லஸாலிடம் போனார், நானும் கூடப் போனேன். டாக்டர் அளவு நாடாவைத் தலையைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தார்.

"அன்செல்ம், இது சாதாரணத் தலைதான்யா. போய் வேலையைப் பாரு."

"உங்க நாடா என் தலையை இன்னைக்குத்தான் பாக்குது, டாக்டர். இந்தத் தொப்பி இத்தனை வருஷமா பாத்துக்கிட்டு வருது. நான் எதை நம்புறது?"

"தொப்பி என்னய்யா டாக்டருக்குப் படிச்சிருக்கா?"

"என் பொண்டாட்டி பின்னினது. அது தப்பா சொல்லாது."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான்காவதுக்குப் பிறகு அவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மலைக்குப் போகும் பேச்சையே எடுக்கவில்லை. நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். ஒருநாள் சூப் ஊற்றிக்கொடுக்கும்போது, "போன வருஷம் அந்தக் கருங்காது ஆடு எப்படிச் சுத்திச் சுத்தி வந்து விழுந்துச்சு, பாவம்" என்றேன். அவ்வளவுதான். இடையன் வீட்டில் ஆட்டைப் பற்றிப் பேசுவது எந்தச் சட்டத்தில் குற்றம் என்று எனக்குத் தெரியவில்லை. ஆட்டின் மூளையில் நீர்ப்பை வளரும் நோய் ஒன்று உண்டு, ஐயா. நாயிடமிருந்து ஒட்டும். ஆடு ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டே இருந்து செத்துப்போகும். எங்கள் பக்கத்து இடையர் பேய்க்குப் பயப்படமாட்டார், அதற்குப் பயப்படுவார். அன்செல்ம் கரண்டியை அப்படியே கீழே வைத்தார். அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

மறுநாள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மிர்ஸாவைத் தொழுவத்துக்குப் பின்னால் கூட்டிப்போனார். மிர்ஸா எங்கள் நாய். வாலை ஆட்டிக்கொண்டே கூடப் போனது. அதற்காக நான் நாளெல்லாம் அழுதேன். வாயில்லா ஜீவன், அது என்ன பாவம் செய்தது? இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பிறகுதான் தண்ணீர் விஷயம். படுக்கையில் உட்கார்ந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தலைக்குள்ள தண்ணி சேருது, லியோந்தின். குடிக்கக் குடிக்கப் பெருகும். இனிமே எனக்குத் தண்ணி குடுக்காத. நானே கேட்டாலும் குடுக்காத, கெஞ்சினாலும் குடுக்காத. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். முதலில் வேளைக்கு ஒரு கிண்ணம் சூப்பு மட்டும்; பிறகு அதுவும் போய், நாக்கை நனைக்க மட்டும் காலையிலும் மாலையிலும் சில கரண்டி.

அந்த ஜூன் மாதம்போல் ஒரு மாதம் எங்களுக்கு வாய்த்ததே இல்லை, ஐயா. ஊரில் உள்ள இடையர் எல்லாரும் மலைமேல். என் புருஷன் மட்டும் என் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நூல்கண்டைப் பிடித்துக்கொடுத்தார். "நீ இல்லன்னா நான் என்ன ஆகியிருப்பேன்" என்று ஒருநாள் சொன்னார். சந்தையில் டாக்டர் லஸால் விசாரித்தபோது, "வீட்டோட இருக்கார், ரொம்ப அமைதியா இருக்கார்" என்றேன். அதுவும் உண்மைதான்.

அப்போதே நிறுத்தியிருக்கலாமே என்று கேட்டீர்கள். யோசிக்காமல் இல்லை. ஆனால் தொப்பி தளர்ந்தால் தைரியம் வந்துவிடும், தைரியம் வந்தால் கோடை முடிவதற்குள் ஏறிவிடுவார். இன்னொன்றும் உண்டு. கை நன்றாகப் பழகிவிட்டது. ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பழசாக வந்தது. அப்படி ஒரு வேலைப்பாடு கைக்கு வந்தபிறகு பாதியில் விட எந்தக் கைத்தொழில்காரிக்கும் மனம் வராது.

ஜூலை வெயிலில் அவர் போய்ச் சேர்ந்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சொல்வார்கள். எங்கள் வீட்டில் தலைப்பாகைக்கு வந்தது தலையோடு போயிற்று.

எங்கள் பக்கத்தில் இடையரைத் தொப்பியோடுதான் சவப்பெட்டியில் வைப்போம். நீங்கள் என்னைப் பிடித்ததற்குக் காரணம் உங்கள் சாமர்த்தியம் இல்லை, ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த நான்காவது தொப்பியையே அவர் தலையில் விட்டிருந்தால் நான் இன்றைக்கு இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். அது எனக்கும் தெரியும். ஆனால் ஊரே வந்து பார்க்கும். என் வீட்டுக்காரரை, என் கையால் பின்னின தொப்பி நெற்றியில் பாதி ஏறி நிற்க, மண்ணுக்குள் அனுப்புவதா? நாலு பேர் என்ன சொல்வார்கள்? துணிப் பெட்டியிலிருந்து பழைய முதல் தொப்பியை எடுத்து வைத்தேன். அப்படியே உட்கார்ந்தது. காதுக்குப் பின்னால் ஒரு சுருக்கம் இல்லை.

துக்கத்துக்கு வந்தவர்களில் ரோஸாலியும் இருந்தாள். யாரோ கைப்பிடித்துக் கூட்டிவந்தார்கள். தொண்ணூறைத் தொடும் கிழவி, இரண்டு கண்ணிலும் புரை விழுந்து வெள்ளை வெளேரென்று இருந்தது. தட்டுத்தடுமாறி என் முகத்தைத் தேடிப் பிடித்துத் தடவினாள்.

"நல்ல புள்ளைம்மா உன் புருஷன். எனக்கு ஊசியில நூல் கோத்துத் தருவான். மேல உக்காந்து அவன் காலுறையை அவனே தச்சுக்குவான், என்னதையும் தச்சுக் குடுப்பான். 'வீட்டுல தைக்கலாமேடா'ன்னு கேட்டா, 'ஐயோ, லியோந்தின் முன்னாடி ஊசியைத் தொட எனக்குப் பயம்'பான்."

வந்தவர்களுக்கு ஒயின் ஊற்ற வேண்டியிருந்தது. அந்தக் காலுறையை மட்டும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவர் என்னிடம் காட்டியிருக்கலாம். குறை சொல்கிற வேலையில்லை. திருப்பும் இடத்தில் மட்டும் இழை கொஞ்சம் இறுகியிருந்தது. அதைச் சொல்லிக் கொடுத்திருப்பேன். எப்படியிருந்தாலும் ரோஸாலி வீட்டு சூப்பைக் குடித்ததை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார் அல்லவா?

கிரஸியான் கடைசியாக வந்து பெட்டியருகே நின்றார். அழுதுகொண்டே தோழன் தலையில் தொப்பியைச் சரிசெய்யக் கை வைத்தார். சரிசெய்ய ஒன்றும் இல்லை. கை அங்கேயே நின்றுவிட்டது. விரலை விளிம்புக்குள் விட்டுச் சுற்றிப் பார்த்தார். காதுக்குப் பின்னால் அழுத்திப் பார்த்தார்.

"லியோந்தின்."

"என்ன?"

"குளிர்காலம் முழுக்க இது இவனுக்குப் பத்தலையே. என் கண்ணால பாத்தேனே."

"ஆமா."

"செத்தவன் தலை சுருங்குமா?"

"சுருங்காது" என்றேன்.

"அப்போ இது எந்தத் தொப்பி?"

"நீங்க வடிவம் குடுத்தது."

கேட்டதற்குப் பதில் சொன்னேன். பொய் சொல்லும் பழக்கம் இல்லாததால் வருகிற கஷ்டம் இது. அவர் பெட்டியை மூடவிடாமல் தொப்பியை எடுத்துக்கொண்டு நேராக உங்கள் ஆட்களிடம் போனார். என் கணவர் வெறுந்தலையோடு போனார், ஐயா. இந்த விவகாரம் முழுவதிலும் எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருப்பது அது ஒன்றுதான்.

கடைசி நாளைப் பற்றிக் கேட்டீர்கள். அவர் தண்ணீரே கேட்கவில்லை என்று முதல் விசாரணையில் எழுதியிருக்கிறது. நான் அப்படிச் சொல்லவில்லை. 'அவர் தண்ணீர் வேண்டாம் என்றாரா' என்று கேட்டார்கள், 'ஆமாம்' என்றேன். எப்போது சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

கேட்டார். அன்று காலை கேட்டார். நான் இயந்திரத்தில் ஐந்தாவது நகலின் முதல் துண்டைப் பின்னிக்கொண்டிருந்தேன். புடைப்பு வரும் இடம்; பாதி ஊசி நிறுத்தியிருந்தது; அந்த நேரத்தில் கையை எடுத்தால் கண்ணி நழுவி எல்லாம் பிரிந்து போகும். "லியோந்தின், தண்ணி" என்று கூப்பிட்டார். வரிசை முடியட்டும் என்று இருந்தேன். மறுபடி கூப்பிட்டார். முடித்துவிட்டு, ஒரு தம்ளர் நிறையக் கிணற்றுத் தண்ணீர் எடுத்துக்கொண்டுதான் போனேன். மனம் கேட்கவில்லை. படுக்கையிலும் தொப்பியோடுதான் கிடந்தார். கழற்றினால் தலை இன்னும் பெருகிவிடும் என்று பயம்.

தம்ளரைப் பார்த்ததும் கையை நீட்டினார். நான் அவர் வாங்கிய சத்தியத்தை நினைவுபடுத்தினேன். "நான் கெஞ்சினாலும் குடுக்காதன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றேன். அவர் கெஞ்சினார். கண்ணீர் வருகிற மாதிரி முகம் போனது, வரவில்லை. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூச்சு அடங்குகிறவரைக்கும் விடவில்லை. பிறகு அந்தத் தண்ணீரைத் தக்காளிச் செடிக்கு ஊற்றினேன். நல்ல வெயில் காலம், வீணாக்கக் கூடாது.

ஆமாம், நான்தான் கொன்றேன். அந்த வார்த்தையைத்தான் எழுத வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளுங்கள். ஆசையினால் செய்தேன் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அவர்மேல் எனக்கு அவ்வளவு ஆசை. கையெழுத்து எங்கே போட வேண்டும்? இங்கேயா?

ஒரே ஒரு விஷயம், ஐயா. மேசைமேல் தொப்பிகளைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி வைத்திருக்கிறீர்கள். மூன்றாவதும் நான்காவதும் இடம் மாறிக் கிடக்கின்றன. வந்ததிலிருந்து அது என் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவதற்குமுன் மாற்றி வைத்துவிடுங்கள். பார்க்கிறவர்கள் என் வேலை சீராக இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.